தூரம் சொல்லும் பைனாகுலர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நியூசிலாந்தில், கிரைஸ்ட்சர்ச்சில் வேலை பார்க்கிறேன். நண்பர்களோடு தார் என்னும் காட்டாட்டின் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். லேசரில் தூரம் காட்டும் பைனாகுலர் அவசியமா?

பதில்: தெற்கு ஆல்ப்ஸ் மலைக்கு அவசியம். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நின்று எதிர்ப்பாறையைப் பார்க்கும்போது நடுவில் மரமோ வீடோ இருக்காது. கண்ணுக்கு அளவு பிடிக்க எதுவுமில்லை. 300 மீட்டர் என்று தோன்றுவது 400 ஆக இருக்கும். 200 மீட்டருக்குச் சரிசெய்த .308 துப்பாக்கியின் குண்டு, 300-இல் ஏறத்தாழ ஒரு சாண் இறங்கும். 400-இல் மூன்று சாண்! நெஞ்சில் குண்டு பட வேண்டிய இடமே ஒரு சாண்தான். தூர மதிப்பீடு தவறினால் குண்டு காலில் படும். அடிபட்ட விலங்கு யாரும் இறங்க முடியாத இடுக்கில் போய்க் கிடந்து துடிக்கும். அந்தத் துடிப்பைத் தவிர்க்கத்தான் இந்தக் கருவி.

கேள்வி: தார் நம் வரையாட்டின் சொந்தக்கார விலங்காமே! அதைச் சுடலாமா?

பதில்: அங்கே சுடலாம். இமயமலைத் தார் நியூசிலாந்துக்கு வந்தேறிய விலங்கு. பெட்ஃபோர்ட் கோமகன் அனுப்பியவற்றை 1904-இல் மவுண்ட் குக் அருகே அவிழ்த்துவிட்டார்கள். அவற்றை அடித்துத் தின்னும் மிருகம் அந்த மலைகளில் இல்லை. பெருகி, மலைப்புல்லை மொட்டையடிக்கின்றன. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பிலுள்ள இயற்கைப் பாதுகாப்புத் துறையே வேட்டைக்காரர்களை அழைக்கிறது.

கேள்வி: பெட்டியில் ‘2000 மீட்டர்’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: பாறைக்கும் சுவருக்கும் நம்பலாம். ரோமம் ஒளியை விழுங்கிவிடும். விலங்கின் மேல் பட்டுத் திரும்புவது கொஞ்சம்தான். விவரக்குறிப்பில் ‘மான்’ என்று தனியாக ஓர் எண் இருக்கும், பெரிய எண்ணைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். விலை பேசும்போது அந்தச் சின்ன எண்ணைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. லேசர் கற்றை ஊசியாகப் போவதில்லை. போகப் போக விரியும். 1.5 மில்லிரேடியன் விரிவு என்றால் 500 மீட்டரில் முக்கால் மீட்டர் அகலம். முன்னால் ஆடும் புல்லில் பட்டு அதன் தூரத்தைக் காட்டிவிடலாம். ஒரே இடத்தை இரண்டு மூன்று முறை அளந்து, எண் மாறாமல் நின்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மூடுபனியில் எண் தாவினால் அளப்பதையும் சுடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: 8×42 வாங்கவா, 10×42 வாங்கவா?

பதில்: திறந்த மலைக்கு 10. மான் தேடி அடர்ந்த காட்டுக்குள் போகிறவருக்கு 8. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 10-க்கு 4.2 மில்லிமீட்டர், 8-க்கு 5.25. விலங்குகள் வெளியே வரும் அந்திவேளையில் அந்த ஒரு மில்லிமீட்டர் பேசும். கை நடுக்கமும் 8-இல் குறைவாகத் தெரியும்.

கேள்வி: கோணத்தைக் கணக்கிடும் வசதிக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். தார் வேட்டையே செங்குத்தில்தான். 30 பாகைச் சரிவில் லேசர் 400 மீட்டர் என்று காட்டினால், கிடைத்தூரம் 346 மீட்டர்தான்; குண்டு இறங்குவது ஏறத்தாழ அந்த அளவுக்கே. 400 என்றே நினைத்துச் சுட்டால் குண்டு முதுகுக்கு மேல் பறக்கும்.

கேள்வி: வாங்கியதும் முதலில் என்ன செய்ய?

பதில்: கருவி காட்டுவது கஜமா மீட்டரா என்று பாருங்கள். 400 கஜம் 366 மீட்டர்தான்.

கேள்வி: பட்ஜெட் பாதிதான். மலிவான மாடல் ஒன்று வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். மலிவான மாடலில் முதலில் அடிபடுவது கண்ணாடிதான். மலையில் எண்ணைப் பார்க்கும் நேரம் நொடிகள். கண்ணாடி வழியே தேடும் நேரம் மணிக்கணக்கு. மங்கலான கண்ணாடியில் நிழலில் படுத்திருக்கும் தார் தெரியவே தெரியாது. தெரியாததற்குத் தூரம் எதற்கு? நல்ல சாதாரண பைனாகுலரும், ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறிய ரேஞ்ச்ஃபைண்டரும் தனித்தனியாக வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். 1992-இல் லைக்கா தன் ஜியோவிட் பைனாகுலரில் இரண்டையும் இணைக்கும்வரை வேட்டைக்காரர்கள் கையில் இந்த வசதியே கிடையாது. இணைந்ததன் லாபம், விலங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் அளக்கலாம் என்பது. பெரிய லாபம்தான்; ஆனால் அதற்காகக் கண்ணாடியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: குண்டு எவ்வளவு இறங்கும் என்றே சொல்லிவிடும் மாடல் இருந்தால் 800 மீட்டரில் சுடலாமா?

பதில்: கூடாது. 800 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் விலங்கு ஓர் அடி எடுத்துவைக்கும், குறுக்கே காற்று வீசும். இரண்டையும் எந்த லேசரும் முன்கூட்டிச் சொல்லாது. 800 என்று எண் வந்தால், இன்னும் 500 மீட்டர் நடக்க வேண்டும் என்று படியுங்கள்.

கேள்வி: நான் வால்பாறைக்காரன். வரையாடு பார்க்க இதை வாங்கலாமா?

பதில்: லேசர் உங்களுக்குத் தேவையில்லை. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வேட்டைக்கு இடமே இல்லை, பார்ப்பதற்கு மட்டும்தான். அந்தப் பணத்தில் நல்ல 8×42 சாதாரண பைனாகுலர் வாங்குங்கள்.