30 கோடுகளில் ஒரு படுக்கைப்புண்

வெளிநாட்டுச் செவிலியர்களுக்கு ஜப்பான் 2008-இல் கதவைத் திறந்தது. பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்கீழ் அந்த ஆண்டு ஆகஸ்டில் இந்தோனேசியாவிலிருந்து முதல் அணி வந்திறங்கியது. அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ், 2014-இல் வியட்நாம். நாடு முழுக்க முதியவர்கள் பெருகியிருந்தும், ஆள் பற்றாக்குறைக்காக இவர்களை அழைக்கவில்லை, இது பொருளாதார உறவு மட்டுமே என்றது அரசு. பெண் பார்க்க வந்தவர்கள் ‘சும்மா இந்தப் பக்கம் வந்தோம்’ என்பதைப் போன்ற விளக்கம் இது.

வந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். சொந்த நாட்டில் செவிலியர் பட்டமோ பட்டயமோ பெற்று, சில ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தவர்கள். ஆனால் ஜப்பானின் தேசியத் தேர்வில் தேறும்வரை அவர்கள் உதவியாளர்கள்தான். நோயாளிக்குச் சாப்பாடு ஊட்டலாம், குளிப்பாட்டலாம், படுக்கை விரிப்பை மாற்றலாம்; ஊசி போடக்கூடாது. அவகாசம் மூன்று ஆண்டு. தேர்வோ ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரியில். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

தேர்வில் 240 கேள்விகள். ஏறத்தாழ எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை என்பதால் கட்டுரை எழுதும் தொல்லை இல்லை. தொல்லை கேள்வியைப் படிப்பதில் இருக்கிறது. ஜப்பானியரின் சித்திர எழுத்துக்குப் பெயர் கஞ்சி. (நம்மூர்க் கஞ்சி காய்ச்சலில் குடிப்பது, இது காய்ச்சலைக் கொண்டுவருவது.) அன்றாடப் புழக்கத்துக்கு என்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 எழுத்துகள் உள்ளன. மருத்துவத்துக்கு அதுவும் போதாது. படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்ளலாம். நோயாளியின் வீட்டார் அதை ‘தொகொசுரே’ என்பார்கள். பாடநூலும் தேர்வும் ‘ஜொகுசோ’ என்கின்றன. எழுதினால் இரண்டே எழுத்து, எழுத்துக்கு 15 கோடு, இரண்டுமே அரசுப் பட்டியலில் கிடையாது. நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது ஜகார்த்தாவில் வேலை பார்த்தவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் 30 கோடுகளைத் தாண்டிய பிறகுதான் அவர் புண்ணுக்கே போய்ச் சேர முடியும்.

2009-இல் நடந்த முதல் தேர்வை இந்தோனேசியர்கள் 82 பேர் எழுதினார்கள். தேறியவர் எவரும் இல்லை. அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ்காரர்களும் சேர்ந்து 254 பேர் எழுத, மூன்று பேர் தேறினார்கள். உள்ளூர்க்காரர்களையும் சேர்த்த ஒட்டுமொத்தத் தேர்ச்சி 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் தேர்வு இது.

கஞ்சி உள்ளூர்க்காரர்களையும் விட்டுவைப்பதில்லை என்பதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டாம். முதல் அணி வந்த அதே 2008-இன் நவம்பரில், அப்போதைய பிரதமர் தாரோ அசோ பொது இடங்களில் சொற்களைத் தப்பும் தவறுமாகப் படித்து நாடே சிரிக்கும்படி ஆனார். ‘மிசோ’ என்பதை ‘மிசோயூ’ என்றார். ‘தோஷூ’வை ‘புஷூ’ ஆக்கினார். தவறாகப் படிக்க வாய்ப்புள்ள எழுத்துகளைப் பற்றிய நூல் ஒன்று அந்தச் சூட்டில் அமோகமாக விற்றது. பிரதமர் பதவிக்கு எழுத்துத் தேர்வு கிடையாது என்பது அவருடைய நல்லகாலம்.

செவிலியர் தேர்வில் வந்த பூஜ்யமும் மூன்றும் ஒப்பந்தம் போட்டவர்களுக்கே உறைத்தன. சுகாதார அமைச்சகம் நிபுணர் குழுவைக் கூட்டியது. கடினமான பொதுச்சொற்களை எளிமையாக்கலாம், மருத்துவச் சொற்களை மாற்றினால் மருத்துவமனையில் குழப்பம் வரும் என்று குழு முடிவு செய்தது. ஆகவே படுக்கைப்புண் அப்படியே நின்றது. அதன் தலைமேல் உச்சரிப்பு மட்டும் சிறிய எழுத்தில் ஏறியது. நோய்ப் பெயர்களுக்கு ஆங்கிலமும் சேர்ந்தது. 2012-இல் தேறியவர்கள் 415-க்கு 47. 2012-இல் தேறியவர்கள் 415-க்கு 47. வியட்நாமுடன் ஏற்பாடு செய்தபோது ஜப்பான் விவரமாகிவிட்டது: ஊரிலேயே ஓராண்டு மொழி படித்து, நடுத்தர நிலைத் தேர்வில் தேறிய பிறகே விமானம்.

தேறி வார்டுக்குள் நுழைந்தால் அங்கே வேறொரு பாடத்திட்டம் காத்திருக்கும். பாட்டிக்குத் தலை ‘சுகிசுகி’ என்கிறதா, ‘கங்கன்’ என்கிறதா? வயிறு ‘ஷிகுஷிகு’வா, ‘கிரிகிரி’யா? ‘ஷிகுஷிகு’ மந்தமான வலி, ‘கிரிகிரி’ குத்திப் பிடுங்கும் வலி. சிகிச்சையே அதைப் பொறுத்து மாறலாம். ‘விண்விண்’, ‘சுருக்சுருக்’ என்று வலியைத் தரம் பிரிக்கும் தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். இதையெல்லாம் அந்தந்த ஊர்ப் பேச்சுவழக்கில், பொய்ப்பல்லைக் கழற்றிவைத்த வாயிலிருந்து கேட்டு, பணிமாற்றத்தின்போது மூத்த செவிலியரிடம் உரிய மரியாதைச் சொற்களோடு கடகடவென ஒப்பிக்க வேண்டும்.

தேறிய சிலரும் குடும்பத்தை நினைத்து ஊர் திரும்பினார்கள். தேறாத பலர் திரும்பியே ஆகவேண்டியிருந்தது. அப்படி இந்தோனேசியா போனவர்களில் சிலரை அங்குள்ள ஜப்பானிய நிறுவனங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டன. அவர்களுக்கு ஜப்பானிய மொழி நன்றாகத் தெரியும் என்பதுதான் காரணம்.