இரண்டு கதவுகளின் பெருமை

நம் சட்டத்தின் கண் பார்வையைப் போற்ற வேண்டும். 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் போட்டபோது, வட இந்தியத் திருநங்கையரைத் தேடித் தேடிப் பதிவேட்டில் ஏற்றியது ஆங்கில அரசு. சந்தேகப்படும்போது அவ்வளவு கூர்மையாக இருந்த கண், 1894இல் சிறைச் சட்டம் எழுதும்போது நாணத்தோடு இமை தாழ்த்திக்கொண்டது. ஆணுக்கு ஒரு பகுதி, பெண்ணுக்கு ஒரு பகுதி. மூன்றாவதாக ஒருவர் வாசலில் வந்து நிற்பார் என்று நினைத்தே பார்க்காத வெள்ளை மனம்!

நம் சட்டத்தின் பொறுமையும் சாதாரணமானதல்ல. தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமை திருநருக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 ஏப்ரலில். 2019இல் வந்த சட்டம் அந்த உரிமையைத் தொலைந்துபோகாதபடி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பத்திரப்படுத்தியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைக் கணக்கில் அவர்களுக்குத் தனி இடம் கிடைத்தது 2020ஆம் ஆண்டு அறிக்கையில்தான், அதுவும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போன பிறகு. கணக்கில் வராதவருக்குக் குறைகளும் வராது. எவ்வளவு சுத்தமான நிர்வாகம்!

அந்த 2019 சட்டத்தின் சமநோக்கை என்னென்பது? திருநரை வாயால் ஏசினாலும் பாலியல் வன்முறை செய்தாலும் ஒரே தண்டனை: ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து ஆண்டு. ஆண்கள் பிளாக்கில் ஒரு திருநங்கை இரவைக் கழிக்க இதைவிட என்ன காவல் வேண்டும்?

எங்கே வைப்பதென்று தெரியாவிட்டால் தனிச் செல் இருக்கிறது. வெளியே வாடகைக்கு வீடு தர மறுக்கப்பட்டவருக்கு அரசே இலவசமாகத் தரும் தனி அறை. பேச ஆளில்லை என்பது மட்டும்தான் குறை.

2022 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் தனித்தனி அடைப்பிடம், கழிப்பறை, குளியலறை வேண்டும். ஆனால் அது முழுத் தனிமையாகிவிடக் கூடாது. உண்மையிலேயே நல்ல கடிதம். சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் எழுதியவருக்குக் கடமை முடிந்தது, பெற்றவருக்குக் கட்டாயம் இல்லை. இருதரப்புக்கும் நோகாத கடிதப் போக்குவரத்து!

பெண் கைதிகளிடம் காட்டும் மரியாதையையும் சொல்லியாக வேண்டும். ஆண்களிடமிருந்து காக்கத்தான் அவர்களுக்குத் தனிச் சுவர். அந்தச் சுவருக்குள் யார் வரலாம், வந்தால் என்ன பாதுகாப்பு என்று கேட்டு அவர்களை யாரும் தொந்தரவு செய்ததில்லை. வந்து நிற்பவரையும் கேட்பதில்லை. இரு தரப்பின் அச்சத்தையும் இரவுப் பணியில் இருக்கும் சிறை அலுவலர் தலையில் இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் கலை எல்லோருக்கும் வாய்க்காது.

இந்தப் புகழ் இனியும் வேண்டாமென்று நினைக்கும் மாநில அரசுகள், அந்தக் கடிதத்தைக் கட்டாய விதியாக்கட்டும். எழுதும் முன் பெண் கைதிகளையும் திருநர் கைதிகளையும் ஒருமுறை கேட்கட்டும்.