சிகோங்கும் மாங்காய்ப் பச்சடியும்

கேள்வி: வசந்தத்தில் கல்லீரலைக் கவனிக்கச் சொல்கிறதாமே சீன வைத்தியம்? நமக்குச் சரிப்படுமா?
– பாகூர் வாசகர்

பதில்: சீனக் கணக்கில் பிப்ரவரி 4 வாக்கிலேயே வசந்தம் பிறந்துவிடும். பாகூரில் அது சம்பா அறுப்புக் காலம். கல்லீரலைக் கவனிக்க யாருக்கு நேரம்? வசந்தத்துக்கு மரம், கல்லீரல், புளிப்பு என்று அவர்கள் கோத்திருக்கிறார்கள். நாமோ சித்திரை முதல் நாளில் மாங்காயோடு வேப்பம்பூவையும் பச்சடியில் போட்டுவிடுகிறோம். புளிப்புக்குப் புளிப்பு, கசப்பு இனாம்! ஆனால் கண் மஞ்சளித்தால் பச்சடியும் வேண்டாம், சிகோங் என்ற சீன மூச்சுப் பயிற்சியும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: சிகோங் கற்பது கஷ்டமா?
– வில்லியனூர் வாசகர்

பதில்: சிகோங்கில் ‘பா துவான் ஜின்’ என்று எட்டு அசைவுகள் உண்டு. முதல் அசைவில் விரல்களைக் கோத்து, உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பி, மூச்சை இழுத்தபடி தலைக்கு மேல் மெல்ல உயர்த்த வேண்டும். உங்கள் ஊர்த் திருக்காமீசுவரர் சந்நிதியில் கையுயர்த்திக் கும்பிடுபவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது. மீதிப் பாதி, நிதானம். அதுதான் பிரசாத வரிசையைக் கண்டதும் பறந்துவிடுகிறதே!

கேள்வி: பழைய சீன நூல்கள் வசந்தத்துக்கு வேறென்ன சொல்கின்றன?
– அதே வாசகர்

பதில்: இரவு தாமதமாகப் படுத்து, விடியலில் எழுந்து, முற்றத்தில் உலாவச் சொல்கிறது ‘ஹுவாங்டி நெய்ஜிங்’. முதல் பாகத்தை செல்போன் பார்த்துக்கொள்கிறது. மற்ற இரண்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.