விரலுக்கா கோட்டு, முதுகுக்கா?

லண்டன் தையற்கடையில் கோட்டுத் துணி பார்க்க வருபவர் முதலில் செய்வது, துணியின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பதுதான். கஷ்மீர் கம்பளி வழுக்கினால் கண் செருகும். ஹாரிஸ் ட்வீட் என்னும் முரட்டுக் கம்பளித் துணி சொரசொரத்தால் முகம் சுளிக்கும். கோட்டுக்குள் லைனிங், அதற்குள் சட்டை. ஆக, அந்தச் சொரசொரப்பு போட்டுக்கொண்டவரின் தோலைத் தீண்டப் போவதில்லை; கட்டித் தழுவுகிறவர் வேண்டுமானால் புகார் சொல்லலாம். விரலை நம்பாதவர்களுக்கு எண் இருக்கிறது. சூப்பர் 100 என்றால் கம்பளி இழை 18.75 மைக்ரானைத் தாண்டக் கூடாது, சூப்பர் 150 என்றால் 16.25. இதைப் பரீட்சை மார்க் போல எண்ணி மகிழ்பவர்கள் உண்டு. எண் ஏற ஏற இழை மெலியும், விலை பருக்கும், மேசையில் உரசும் முழங்கை சீக்கிரமே பல்லிளிக்கும்.

ஹாரிஸ் ட்வீடுக்கோ 1993ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டமே காவல்: ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தாக வேண்டும். மிருது பற்றி அதில் பேச்சே இல்லை. ஹீட்டர் ஓடும் அலுவலகத்தில் இந்த ட்வீட் ஆளை வேகவைக்காதா என்றால், வேகவைக்கும்தான். மழையிலும் காற்றிலும் மலையேறியவர்களின் துணி அது. அதற்காகக் கஷ்மீருக்குத் தாவ வேண்டியதில்லை, எடை குறைந்த ட்வீடும் லாம்ப்ஸ்வூல் எனும் ஆட்டுக்குட்டிக் கம்பளி கலந்ததும் கிடைக்கின்றன. ஆனால் மிருதுப் பிரியர்கள் கேட்பதோ, ட்வீடின் முரட்டுத் தோற்றத்தில் கஷ்மீர் கோட்டு. தேயாத புதுக் கோட்டின் முழங்கைக்குத் தோல் ஒட்டும் சேர்த்து.