புதன்கிழமைப் பாட்டைச் செவ்வாய்க்கிழமை வாங்குகிறவர்கள்

டோக்கியோ
நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

அங்கே உங்கள் சுகர் எப்படி இருக்கிறது? "சம்பாதிக்கிற காசையெல்லாம் என்னடா பண்றே?" என்று போனில் கேட்டீர்கள், நல்லவேளையாக லைன் கட்டாகிவிட்டது. இப்போது சொல்கிறேன்: சிடி வாங்குகிறேன்.

சிரிக்காதீர்கள். இந்த ஊரில் பாட்டு விற்பதற்கென்றே எட்டு மாடிக் கட்டடம் ஒன்று ஷிபுயாவில் நிற்கிறது. டவர் ரெக்கார்ட்ஸ். அமெரிக்காவில் பிறந்த கடை, 2006-இல் அங்கே திவாலாகி மூடியாயிற்று. ஜப்பான் கிளையை அதற்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் தனியாகப் பிரித்து வாங்கிவிட்டதால் இங்கே ஜம்மென்று ஓடுகிறது. கடைப் பிள்ளைகள் கைப்பட எழுதிய சிபாரிசு அட்டைகள் அலமாரியெல்லாம் தொங்கும். உங்கள் கேசட் ரெக்கார்டிங் சென்டரில் "கேட்டுட்டுக் காசு குடுப்பா" என்று நீங்கள் வாயால் சொன்னதை இவர்கள் கலர் பேனாவில் எழுதுகிறார்கள்.

புது சிடி 3,000 யென் பக்கம் வரும், நம்ம காசில் சுமார் 1,600 ரூபாய். கம்பெனி போட்ட விலைக்குக் கீழே கடைக்காரர் விற்க முடியாது, அதனால் பேரம் பேசுகிற பாக்கியமும் இல்லை. வெளிநாட்டு ஆல்பம் இறக்குமதியாக வந்தால் மட்டும் விலை குறைவு. பிறகு உள்ளூர்ப் பதிப்பை எவன் தொடுவான்? அதற்குத்தான் ஒன்றிரண்டு பாட்டை உபரியாகச் சேர்க்கிறார்கள், 90 நிமிடக் கேசட்டில் மிஞ்சிய இடத்துக்கு நீங்கள் ஒரு பாட்டைப் போட்டுத் தருவீர்களே, அந்த மாதிரி. உங்கள் பாட்டு சரணத்தில் அறுந்துபோகும், இவர்களுடையது முழுசாக வருகிறது. சிலதைக் கேட்டால், அறுந்தே போயிருக்கலாம் என்று தோன்றும்.

புதுத் தட்டு புதன்கிழமை வெளியாகும். சரக்கு செவ்வாயே வந்துவிடுவதால் அன்றைக்கே விற்பார்கள், ரசிகர்கள் அன்றைக்கே வந்து நிற்பார்கள். எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்குப் பார்க்கிற ஊரில், ஊரறிந்து நடக்கிற ஒரே விதிமீறல் இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் வாங்கியவற்றில் முதலாவது உதாதா ஹிகாருவின் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்', ஏப்ரலில் வந்த இரட்டைத் தட்டு, 25 ஆண்டுப் பாட்டுகளின் திரட்டு. 1998-இல் பதினைந்து வயதில் பாட வந்தவர் இவர். அடுத்த வருடமே வந்த 'ஃபர்ஸ்ட் லவ்' இங்கே 70 லட்சத்துக்கு மேல் விற்றது, ஜப்பானில் அதை இன்னும் எந்த ஆல்பமும் தாண்டவில்லை. பழைய பாட்டுகளில் சிலவற்றை இப்போது மறுபடி பாடியிருக்கிறார். அந்த வயதில் அவர் பாடிய பிரிவுத் துயரம் கேள்விப்பட்டது, இப்போது பாடுவது பட்டது. மற்றவற்றில் சிலவற்றைத் தெளிவாக்குகிறோம் என்று மறுகலவை செய்ததில்தான் பழைய கதகதப்பு கொஞ்சம் போய்விட்டது.

அடுத்தது தாகேஉச்சி மரியா, வயது 69. 'பிளாஸ்டிக் லவ்' என்று 1984-இல் அவர் பாடியதை முப்பது வருடம் கழித்து யூடியூப் உலகம் முழுக்கக் கொண்டுபோயிற்று. போன மாதம் வந்த 'பிரெஷியஸ் டேஸ்', பத்து வருடத்துக்குப் பின் அவர் தரும் புது ஆல்பம். பழைய ராத்திரி ஆட்டத்தை எதிர்பார்த்து வாங்குகிற பையன்கள் ஏமாறுவார்கள், இவை காலையில் காபியோடு கேட்கிற பாட்டுகள். நாலு கேட்டால் இனிமை. மொத்தமும் ஒரே மூச்சில் கேட்டால் உங்கள் சுகர் ஏறும்.

அவர் கணவர் யாமாஷிதா தட்சுரோதான் என் கட்சி. தன் பாட்டுகளை ஸ்ட்ரீமிங்கில் விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிற மனிதர். வேண்டுமென்றால் கடைக்கு வா என்கிறார், நானும் போகிறேன். 1982-இல் வந்த 'ஃபார் யூ' போன வருடம் எல்பியாகவும் கேசட்டாகவும் மறுபடி வந்தது. முதல் பாட்டு 'ஸ்பார்க்கிள்' தொடங்கும்போது ஒரு கிடார் வெட்டி வெட்டி வரும் பாருங்கள், அந்த அரை நிமிடத்துக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

சிடி விற்பதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஏகேபி 48 என்று ஒரு பெண்கள் குழு. 2009 முதல் 2018 வரை அவர்களுக்குள் வருடாவருடம் தேர்தல் நடந்தது, வாக்குச்சீட்டு சிடிக்குள் இருக்கும். ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்த கதையெல்லாம் உண்டு. நம்மூரில் ஓட்டுப் போடக் காசு கொடுப்பார்கள், இங்கே காசு கொடுத்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். பாட்டு எப்படி என்றால், பிரச்சாரப் பாட்டுக்கு அது போதும்.

'ஃபார் யூ' கேசட் ஒன்று உங்களுக்கு பார்சலில் வருகிறது. டூ-இன்-ஒன்னின் ஹெட்டைத் துடைத்து வையுங்கள். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டேன். அத்தை கேட்டால், ஆபீஸில் சும்மா கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்