கார்பைடு போட்ட கணக்கு

வாடா நைனா, திருப்பதி ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்த இன்டர் மேதாவி! கெமிஸ்ட்ரி நோட்டை விரிச்சு வச்சுட்டு ஃபேனையே பாக்கறியே, மோலு அங்கயா தொங்குது?

என்ன கேள்வி? 16 கிராம் கால்சியம் கார்பைடைத் தண்ணியில போட்டா எவ்வளவு அசிட்டிலின் வாயு வரும்? அட, நம்ம வெல்டிங் கடை சங்கதி. நீ என்ன போட்ட? 16 பெருக்கல் 26, 416 கிராம். சபாஷ்! சின்னக் கட்டியில இருந்து அரைக் கிலோவுக்குக் கிட்ட வாயு எடுக்கற புள்ளையை, சித்தூர்ல கேஸ் வெல்டிங் வச்சிருக்கறவன் அத்தனை பேரும் தத்து கேட்டு வருவான். யாருக்குக் குடுக்கலாம்னு உங்கம்மாவைக் கேட்டு வை.

கால்குலேட்டரைக் கீழ வை. மொதல்ல எது எதோட சேந்து எது ஆகுதுன்னு எழுது. கார்பைடும் தண்ணியும் சேந்தா அசிட்டிலினும் நீத்த சுண்ணாம்பும். ஒரு தண்ணின்னு எழுதினா இந்தப் பக்கம் ஹைட்ரஜன் ரெண்டு, அந்தப் பக்கம் நாலு. மிச்சம் ரெண்டை யார் வீட்ல திருடின? தண்ணி ரெண்டுன்னு போடு.

இப்ப எடை. கார்பைடுல கால்சியம் 40, கார்பன் 12 ரெண்டு தடவை, ஆக 64. தண்ணி ரெண்டும் 36. கூட்டினா 100. அந்தப் பக்கம் அசிட்டிலின் 26, சுண்ணாம்பு 74, அதுவும் 100. பொருள் எங்கயும் தொலையாதுன்னு லவாய்சியே 1789-லயே எழுதி வச்சாரு. 1794-ல அவர் தலையை வெட்டிட்டாங்க, அது வேற சமாச்சாரம்.

16-ஐ 64-ஆல வகுத்தா கால் மோல். ஒரு கார்பைடுக்கு ஒரு அசிட்டிலின், அப்ப அதுவும் கால் மோல்தான். கால் தடவை 26, ஆறரை கிராம். பக்கத்துல 'கிராம்'னு எழுது; இல்லன்னா வாத்தியார் ஆறரை மூட்டைன்னு நெனச்சுக்குவாரு.

நீ செஞ்சது என்ன தெரியுமா? கைடோட கடைசிப் பக்கத்துல விடையைப் பாத்து, அதுக்கேத்த மாதிரி பெருக்க ஆரம்பிச்ச. அதுலயும் பாத்தது அடுத்த கணக்கோட விடை! இது கார்பைடு வச்சு மாங்காயைப் பழுக்க வைக்கற கதைதான். தாமலசெருவு மண்டியில முன்ன சில பேரு மாங்காக் கூடையில கார்பைடு பொட்டலம் சொருகுவான். காய் விடற ஈரம் பட்டு வாயு கெளம்பும், தோல் மஞ்சளாகும், கடிச்சா புளிக்கும். அதுல ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்திருக்கும்னுதான் சட்டத்துல தடை. எத்திலீன் வாயு வச்சுப் பழுக்க வைக்கலாம், அதுவும் காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்குக்கு மேல போகக் கூடாது. கைடுக்குத்தான் இன்னும் எவனும் தடை போடல.

சரி, ஃபேனைப் பாத்தது போதும். அதே 16 கிராம் கார்பைடு, ஆனா தண்ணி நாலரை கிராம்தான் இருக்கு. எவ்வளவு வாயு வரும், எது மிஞ்சும்? நான் காப்பி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள போட்டு வை. பின்பக்கம் பொரட்டாத, இது கைடுல இல்ல. ராத்திரியே பாத்துட்டேன்.