இறுக்க இறுக்கத் தளரும் காவல்
ஒரே அட்டவணையில் பலருடைய பதிவுகள் கலந்து கிடக்கும்போது, அவரவர் வரிசைகளை மட்டும் அவரவருக்குக் காட்டுமாறு தரவுத்தளத்தையே பணிக்கும் ஏற்பாடு வரிசைநிலைப் பாதுகாப்பு எனப்படும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இது 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பு முதல் உண்டு. இதை இயக்கிவிட்டு, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் 'கொள்கை' எதையும் எழுத மறந்தால், படிக்கும்போது பிழைச்செய்தி எதுவும் எழாது, அட்டவணை காலியாக இருப்பதுபோல் தோன்றும். இத்துணைக் கண்டிப்பும் அட்டவணையின் உரிமையாளரைத் தீண்டுவதில்லை. அவரையும் கட்டுப்படுத்தத் தனிக் கட்டளை ஒன்று வேண்டும் என்பதை அறியாது உரிமையாளர் கணக்கிலேயே சோதனை செய்யும் நிரலர், எல்லா வரிசைகளும் தெரிவதைக் கண்டு பதறி, காவலை இறுக்க இரண்டாம் கொள்கை ஒன்றையும் எழுதிச் சேர்ப்பார். கொள்கைகள் இயல்பாக 'அல்லது' என்னும் உறவில் இணைவதால், ஏதேனும் ஒன்று இசைந்தாலே வரிசை தெரியும். ஆகவே இறுக்க எழுதியது கதவை மேலும் அகலத் திறந்துவிடலாம். 'இதுவும் நிறைவேற வேண்டும்' என்று வற்புறுத்தும் கட்டுப்பாட்டுக் கொள்கை 2017-இல், 10-ஆம் பதிப்பில்தான் வந்தது. கொள்கைகளைச் சரியாக எழுதினாலும் ஒரு கசிவு எஞ்சும்: கண்ணுக்கு மறைத்த மின்னஞ்சல் முகவரியையே புதிதாகப் பதிய முயல்பவரிடம், அது ஏற்கெனவே உள்ளது என்று, ஒரே மதிப்பு இருமுறை பதிவாகாமல் தடுக்கும் தனித்தன்மைச் சோதனை போட்டுடைத்துவிடும். அச்சோதனை கொள்கைகளுக்கு எப்போதும் கட்டுப்படாது என்பதைப் போஸ்ட்கிரெஸ் ஆவணமே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.